மாட்டுக் கொட்டகையும் பிரசவ அறையும்

ஓசூர்ப் பக்கத்தில் பாலுக்குப் பஞ்சமில்லை. பாலைப் பற்றிய பேச்சுக்கும் பஞ்சமில்லை. விடியற்காலையில் தளிச் சாலையிலும் தேன்கனிக்கோட்டைச் சாலையிலும் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு வரும் பால்காரரை நிறுத்தி, "ஊசி போட்டுக் கறந்த பாலா, ஐயா?" என்று கேட்காத வீட்டு அம்மாள் அபூர்வம். பால்காரரும் சளைத்தவரல்லர். தமிழில் கேட்டால் தமிழிலும், தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்திலும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் பாலை அளந்து ஊற்றுவார். எல்லைப்புறத்தில் வசிப்பதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது.

சத்தியத்தை நம்புகிறவர்கள் காப்பி போடப் போய்விடுகிறார்கள். நம்பாதவர்களோ கவலைப்படத் தொடங்குகிறார்கள். அந்த ஊசியினால்தான் இந்தக் காலத்துப் பெண் குழந்தைகள் சீக்கிரமே பெரியவர்களாகி விடுகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு சித்தாந்தம் நிலவுகிறது.

அந்த ஊசி மருந்தின் பெயர் ஆக்ஸிடோஸின். அதே மருந்துதான், அதே சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பியில், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறையிலும் இருக்கிறது. குழந்தை பிறந்த மறு நிமிஷத்தில் தாய்க்கு ஊசியாக ஏற்றப்படுகிறது. அந்த ஓர் ஊசியினால் பிழைத்த தாய்மார்கள் கணக்கற்றவர்கள். மாட்டுக் கொட்டகையில் நடக்கும் அக்கிரமத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிரசவ அறையில் அது காக்கும் உயிரைப் பற்றிப் பேசப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். இந்த வாரம் நாம் அந்தப் பத்துப் பேர் கட்சியில் சேர்ந்து கொள்வோம்.

*

ஹார்மோன் என்பது உடம்புக்குள் ஓடும் தூதன். ஒரு சுரப்பி அதை இரத்தத்தில் விடுகிறது. எங்கோ தொலைவிலுள்ள மற்றோர் உறுப்பு அதைக் கண்டதும் தன் வேலையை ஆரம்பிக்கிறது. இந்தத் தூதர்களை மனிதன் முதலில் மிருகங்களிடமிருந்து கடன் வாங்கினான்; பிறகு தானே ஆலையில் செய்யக் கற்றுக்கொண்டான். அதன் பிறகு, இயற்கையின் தூதனைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு, அவனைவிடச் சற்று நேரம் அதிகமாகவோ சற்று வேறு விதமாகவோ வேலை செய்யும் போலித் தூதர்களையும் படைத்துவிட்டான். சர்க்கரை வியாதிக்காரர் குத்திக்கொள்ளும் இன்சுலினும், தைராய்டு மாத்திரையும், ஆஸ்துமாக்காரருக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்து 2004-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டு வந்த பயோகான் கம்பெனி, ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் அதே சாலையில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள்.

ஆக்ஸிடோஸின் இரத்தத்தில் இறங்கும் வாசல், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பாகம். 1906-ஆம் ஆண்டில் ஹென்றி டேல் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, அந்தச் சுரப்பியின் சாறு கர்ப்பிணிப் பூனையின் கர்ப்பப்பையை இறுகச் சுருங்க வைப்பதைக் கண்டார். சில ஆண்டுகளுக்குள் பிரசவ வைத்தியர்கள் அதைக் கையாளத் தொடங்கினார்கள். 1910-ல் அதே சாறு ஆட்டின் மடியிலிருந்து பாலைப் பீறிட வைப்பதும் தெரிய வந்தது. கர்ப்பப்பை ஒன்று, மடி ஒன்று. இரண்டுக்கும் ஒரே தூதன்! 'துரிதப் பிரசவம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

அந்த நாளில் இந்த மருந்து வேண்டுமானால் கசாப்புக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். அறுபட்ட மாடு, பன்றிகளின் தலையிலிருந்து சுரப்பியைத் தோண்டி எடுத்துச் சாறு பிழிவார்கள். ஒரு புட்டியில் வீரியம் அதிகமாயிருக்கும். மறு புட்டியில் குறைவாயிருக்கும். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இருந்த வின்ஸென்ட் டு விக்னோ. ஒன்பது அமினோ அமில மணிகளைக் கோத்த ஒரு குட்டி மாலைதான் ஆக்ஸிடோஸின் என்று அவர் கண்டுபிடித்தார். மணிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதையும் கண்டுபிடித்து, 1953-ல் அதே மாலையைத் தம் பரிசோதனைச் சாலையில் கோத்தும் காட்டினார். இவ்வகை ஹார்மோன் ஒன்றை மனிதன் தன் கையால் செய்தது அதுவே முதல் தடவை. 1955-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

விதியின் வேடிக்கையைப் பாருங்கள்! ஒரு காலத்தில் மாட்டிலிருந்து எடுத்து மனுஷிக்குக் கொடுத்தார்கள். ஆலையில் செய்யக் கற்றுக்கொண்ட பின்னர், மனுஷிக்காகச் செய்ததை எடுத்து மாட்டுக்குக் குத்துகிறார்கள். பசுவின் உடலில் ஓடுவதும் தாயின் உடலில் ஓடுவதும் ஒரே மாலை. ஒரு மணிகூட வித்தியாசம் கிடையாது.

*

மாட்டு விவகாரத்தை முதலில் முடித்து விடுவோம்.

கன்று முட்டிக் குடித்ததும் பசுவின் பிட்யூட்டரி ஆக்ஸிடோஸினை இரத்தத்தில் விடுகிறது. மடிக்குள் நுண்ணிய பைகளில் தங்கியிருக்கும் பாலை அது பிழிந்து காம்புக்கு அனுப்புகிறது. கன்று இறந்துவிட்டால் நம் கிராமத்தார் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னே நிறுத்துவதில்லையா? ஏமாந்த பசு அதை நக்கிக் கொடுத்துப் பால் சுரக்கும். வைக்கோல் கன்று செய்யும் அதே காரியத்தைத்தான் ஊசியும் செய்கிறது. அது பாலை உண்டாக்குவதில்லை. இருக்கும் பாலை இறக்குகிறது, அவ்வளவே. வேளைக்கு வேளை ஊசிக்குப் பழகிய மாடு பிறகு ஊசியில்லாமல் பால் விடாது. கன்றைப் பட்டினி போட்டுக் கொன்றவனுக்கும் விற்றுத் தொலைத்தவனுக்கும் இது வசதியாகப் போய்விட்டது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின்படி, பசுவின் ஆரோக்கியத்துக்குக் கெடுதல் தரும் விதத்தில் பாலுக்காக ஊசி போடுவது குற்றம். அப்படிச் செய்கிறவனுக்கு இரங்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

ஆனால் பாலைக் குடித்த பெண் குழந்தையின் விஷயம் வேறு. நம் வயிற்றில் சேரும் பருப்பையும் முட்டையையும் எப்படி ஜீரண ரசங்கள் சிதைக்கின்றனவோ, அப்படியே இந்த ஒன்பது மணி மாலையையும் அறுத்து எறிந்து விடுகின்றன. ஆக்ஸிடோஸினை மாத்திரையாகத் தந்து விழுங்கச் சொல்லும் டாக்டர் இல்லாததற்குக் காரணம் இதுதான்; விழுங்கினால் வேலை செய்யாது. தவிர, பெண்ணைப் பருவமடையச் செய்யும் ஹார்மோன்கள் முற்றிலும் வேறானவை. போன தலைமுறையைவிட இந்தத் தலைமுறையில் பெண்கள் சற்று முன்னதாகவே பருவமடைகிறார்கள் என்றால், அதில் நல்ல சாப்பாட்டுக்கும் உடல் எடைக்கும் பெரும் பங்கு உண்டு. பால்காரரின் தலையில் எவ்வளவோ பழிகளைச் சுமத்தலாம். தண்ணீர் ஒன்றே போதும். இந்தப் பழி மட்டும் அவருக்கு உரியதன்று.

*

இனிப் பிரசவ அறைக்குப் போவோம்.

பத்து மாதமும் கர்ப்பப்பையின் சுவரில் நஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி நாட்களில் அந்த இடத்துக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் பாய்கிறது. ஒரு ஸ்திரீயின் உடலிலுள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். குழந்தை வெளியே வந்து, நஞ்சும் கழன்று விழுந்ததும், அங்கே திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை எது மூடும்? கர்ப்பப்பையின் தசை நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. அவை சுருங்கும்போது, நடுவே செல்லும் குழாய்களை முடிச்சுப் போட்டதுபோல் நெரித்து விடுகின்றன. இயற்கை வைத்திருக்கும் தையல் இது.

சில தாய்மார்களுக்கு அந்தத் தசை சோர்ந்து போய்ச் சுருங்க மறுக்கிறது. முடிச்சு விழாது. சத்தம் கிடையாது, வலி கிடையாது; படுக்கையின் கீழே உதிரம் தேங்குகிறது. பாட்டி குழந்தையின் முகம் யார் ஜாடை என்று ஆராய்ந்து கொண்டிருப்பாள். அதற்குள் தாயின் முகம் வெளுத்துவிடும். உலகத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 70,000 தாய்மார்கள் பிரசவத்துக்குப் பின்னான உதிரப்போக்கினால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. வலிமையான பெண், வலிமையற்ற பெண் என்று அது பார்ப்பதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால்தான் எல்லாத் தாய்மாருக்கும் தவறாமல், குழந்தை பிறந்தவுடனே 10 யூனிட் ஆக்ஸிடோஸின் கொடுக்க வேண்டும் என்பது வைத்திய உலகத்தின் விதி.

குழந்தை 'பிறந்தவுடனே' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பிறப்பதற்கு முன்னால் இதே மருந்து இரு முனைக் கத்தி. வலி மந்தமாயிருக்கும்போது ஆஸ்பத்திரியில் டிரிப் மூலம் சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இருதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே கொடுப்பார்கள். அது தேர்ந்தவர் கையில் நல்ல வைத்தியம். ஆனால் "சீக்கிரம் பிறக்கட்டும்" என்று முழு ஊசியாகக் குத்திவிட்டால், சுருங்கிய கர்ப்பப்பை தளர்வதற்கு நேரமில்லாமல் குழந்தைக்குப் பிராணவாயு குறையும். சமயத்தில் கர்ப்பப்பையே கிழியும். நம் தமிழ்ப் பெண்களுக்கு வலியைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: நன்றாக வலி எடுத்தால் நல்ல பிரசவம் என்பார்கள். தமிழ்நாட்டுப் பிரசவங்களைப் பற்றி 2003-ல் ஒரு புத்தகம் வெளியிட்ட ஸெஸிலியா வான் ஹாலன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், வலியையும் சக்தியையும் இணைத்துப் பார்க்கும் இந்த மனோபாவத்துக்கும் வலியைத் தூண்டும் மருந்துகள் தாராளமாக வழங்கியதற்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதியிருக்கிறார். உறவினர் சிலர், "ஏன் இன்னும் வலி ஊசி போடவில்லை?" என்று நர்ஸம்மாளிடம் சண்டைக்கு நிற்பதுண்டு. அவர்களுக்கு நம் வேண்டுகோள்: அந்தச் சண்டையைக் குழந்தை பிறந்த பிறகு போடுங்கள். அப்போது, "ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமையும் உண்டு.

*

மாட்டைக் காப்பாற்றப் போய்த் தாயை ஆபத்தில் தள்ளப் பார்த்த கதை ஒன்று நம் நாட்டில் நடந்தது. அதற்கு மேடை நம் எல்லைக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூர்.

2016-ல் ஹிமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம், மாடுகளுக்கு ஆக்ஸிடோஸின் திருட்டுத்தனமாகப் போடப்படுவதைக் கண்டித்து, இதன் உற்பத்தியைப் பொதுத்துறைக் கம்பெனிகளுக்கு மட்டும் விடலாமா என்று யோசிக்கச் சொன்னது. மத்திய சர்க்கார் யோசித்தார்கள். 2018 ஏப்ரலில் ஓர் உத்தரவு பிறந்தது: உள்நாட்டு உபயோகத்துக்கு இனி எந்தத் தனியார் கம்பெனியும் இந்த மருந்தைச் செய்யக்கூடாது, பெங்களூரிலுள்ள கர்நாடகா ஆண்டிபயாடிக்ஸ் என்னும் சர்க்கார் கம்பெனி ஒன்றே நாடு முழுமைக்கும் செய்து தரும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதும் கூடாது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் பிள்ளைகள் பிறக்கும் தேசம் இது. அத்தனை தாய்மார்களின் முடிச்சும் ஒரே தொழிற்சாலையின் இயந்திரத்தில் கட்டப்பட்டது! அந்த இயந்திரம் ஒரு வாரம் பழுதானால்? லாரி ஒன்று வழியில் நின்றால்?

சுதேசிப் பொதுத்துறையின்மேல் நமக்கு அபிமானம் உண்டு. 1981-ல் தோன்றிய அந்தக் கம்பெனியின் மருந்துகள் பல நல்ல மருந்துகளே. ஆனாலும் திருடனைப் பிடிக்கத் தெரியாமல் ஊரிலுள்ள கடைகளையெல்லாம் மூடச் சொல்லும் போலீஸ்காரரை யாராவது மெச்சுவார்களா? திருட்டு ஊசி, லைஸென்ஸ் பெற்ற மருந்துச் சாலையிலிருந்துதான் பட்டிக்குப் போயிற்று என்பதற்குத் தகுந்த ஆதாரமே காட்டப்படவில்லை. மருந்துக் கம்பெனிகளும், மருந்து விஷயத்தில் பொதுநலத் தொண்டு புரியும் சங்கமும் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2018 டிசம்பர் 14-ஆம் தேதி நீதிபதிகள் அந்தத் தடையை ரத்துச் செய்தார்கள்; தாய்மாருக்கு மருந்து கிடைக்காமற்போனால் என்ன ஆகும் என்பதைச் சர்க்கார் சரிவர எண்ணிப் பார்க்கவில்லை என்பது அவர்களுடைய தீர்ப்பின் சாரம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2019 ஆகஸ்டில் அங்கே பெரிய பெஞ்சின் பார்வைக்கு அனுப்பப்பட்டது.

*

கோர்ட்டில் வாதாட முடியாத எதிரி ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் வெயில்.

ஆக்ஸிடோஸினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் கெட்டுப்போகும். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைப் போல் தெளிவாகவே இருக்கும். நர்ஸ் நம்பிக்கையோடு குத்துவாள், கர்ப்பப்பை சுருங்காது. ஓசூரும் தளியும் மேட்டு நிலம்; சித்திரையில்கூடச் சால்வை கேட்கும் காலை நேரங்கள் உண்டு. இந்தச் சுகமான சீதோஷ்ணத்தை நம்பி, "நம் ஊர்க் காற்றே குளிர்ப்பெட்டிதானே?" என்று யாரேனும் மேஜைமேல் குப்பியை வைத்தார்களானால் மோசம் போவார்கள். மனிதனுக்குக் குளிர்கிற அளவு வேறு, மருந்துக்குக் குளிர்கிற அளவு வேறு. மலையிறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டாலோ, கோடையில் அந்தக் கற்கோட்டையே கொதிக்கும்.

சில குப்பிகளின் சீட்டில் 'சாதாரண உஷ்ணத்தில் வைக்கலாம்' என்னும் பொருளில் அச்சிட்டிருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். இதைப் போக்கவே 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதன் சகோதர ஸ்தாபனங்களும் சேர்ந்து, சீட்டு எப்படியிருந்தாலும் குளிர்ப்பெட்டியிலேயே வையுங்கள் என்று அறிவித்தன.

நம் ராஜ்யத்துக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர் உண்டு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கிச் சோதித்து மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களை நியமித்து இரவும் பகலும் பிரசவம் பார்க்க வழி செய்தார்கள். 2019-21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடந்தன. லட்சம் உயிர்ப் பிரசவங்களுக்கு இறக்கும் தாய்மார் தொகை 2001-03-ல் 134 ஆக இருந்தது. 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியா முழுவதற்குமான தொகை 301-லிருந்து 97-க்கு இறங்கியது. பெருமைப்படலாம். ஆனால் அந்த 54 என்பதும் 54 வீடுகள்.

கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அதற்கு அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையின் விளக்குகள் இரவெல்லாம் எரிகின்றன. மறு பக்கம் அஞ்செட்டி மலைக் கிராமங்களிலிருந்து கர்ப்பிணி ஒருத்தி வர வேண்டுமென்றால், யானை நடமாடும் காட்டுப் பாதையைக் கடக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கு அவசரமென்றால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவழியிலேயே பிறந்து விடுவது வழக்கம். அங்கே குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது?

*

இந்தக் கேள்விக்கு முதல் விடைகளில் ஒன்று நம் பக்கத்து வீட்டிலேயே, கர்நாடகத்தின் பெல்காமில் கிடைத்தது என்பதை நம்மவர் பலர் அறியார்.

உடம்பில் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும், ஆனால் சுரப்பியில் பிறக்காத பொருள்கள் சில உண்டு. புரோஸ்டாகிளாண்டின் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் ஒன்றைப் போன்று அமெரிக்காவில் 1970-களில் செய்யப்பட்ட மிஸோபுரோஸ்டால், வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரையாகத்தான் பிறந்தது. அது கர்ப்பப்பையையும் சுருக்குகிறது என்பது பிறகு தெரிய வந்தது. ஊசி வேண்டாம், குளிர்ப்பெட்டி வேண்டாம், ஈரம் படாமல் வைத்திருந்தால் போதும். 2002 முதல் 2005 வரையில், பெல்காமிலுள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அமெரிக்க நண்பர்களோடு சேர்ந்து, சுற்றுப்புறக் கிராமங்களில் 1,620 தாய்மார்களிடம் இதைப் பரீட்சித்தார்கள். பிரசவம் பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. கிராமத்துத் துணைச் செவிலியர்கள். வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு அதிக உதிரப்போக்கு ஏற்பட்டது. மிஸோபுரோஸ்டால் விழுங்கியவர்களில் அது 6.4 ஆகக் குறைந்தது. ஏறத்தாழப் பாதி! 2006-ல் லான்ஸெட் பத்திரிகை இதை வெளியிட்டது.

அந்தப் பரீட்சைக்காக அவர்கள் செய்துகொண்ட ஒரு சாமான் நம் கவனத்துக்கு உரியது. உதிரம் எவ்வளவு போயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொல்வது எப்போதும் தப்புக் கணக்காகவே முடியும். பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். ஆகவே தாயின் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் முனையைப் பை போல் அமைத்து, அதன்மேல் அளவுக் கோடுகள் போட்டார்கள். கல்யாண வீட்டில் எண்ணெய் அளக்கும் பாத்திரத்துக்குள்ள மரியாதை தாயின் இரத்தத்துக்கும் கிடைத்தது. இப்படிப்பட்ட அளவு விரிப்போடு மருந்து, நரம்பு வழித் திரவம், கர்ப்பப்பையைத் தேய்த்து விடுதல் முதலியவற்றை ஒரே மூச்சில் செய்யும் முறை ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் பெரிய அளவில் பரீட்சிக்கப்பட்டது. கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவிகிதம் குறைந்தன என்று 2023-ல் செய்தி வந்தபோது, பெல்காமின் விரிப்பு நமக்கு நினைவுக்கு வந்தது.

மிஸோபுரோஸ்டாலுக்கும் குறைகள் உண்டு. குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். நல்ல நிலையிலுள்ள ஆக்ஸிடோஸினுக்கு அது ஈடாகாது. கருவைக் கலைக்கவும் அதே மாத்திரை பயன்படுவதால் சர்க்கார் அதிகாரிகளுக்கு அதன்மேல் எப்போதும் ஒரு சந்தேகக் கண். ஆக்ஸிடோஸின் மாட்டால் கெட்டது. இதற்கு வேறு விதத்தில் கெட்ட பெயர்.

*

எனவே விஞ்ஞானிகள் டு விக்னோவின் ஒன்பது மணி மாலைக்கே திரும்பினார்கள். மாலையில் மணியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உடம்பிலேயே உதாரணம் இருக்கிறது. ஒன்பதில் இரண்டு மணிகளை மாற்றினால் அது வாஸோபிரஸின் என்னும் வேறு ஹார்மோன் ஆகிவிடும். கர்ப்பப்பையை விட்டுவிட்டு, மூத்திரக் காய்களில் தண்ணீரைத் தேக்கும் காரியஸ்தனாகிவிடும். அவ்வளவு நுட்பமான மாலை. இதில் ஓரிரு இடங்களைத் திருத்தி, ஒரு கந்தக அணுவை எடுத்துவிட்டுக் கரி அணுவை வைத்துச் செய்த போலித் தூதனுக்குக் கார்பெடோஸின் என்று பெயர். உடம்பிலுள்ள கத்தரிகளால் இதைச் சட்டென்று வெட்ட முடியவில்லை. ஆக்ஸிடோஸின் இரத்தத்தில் சில நிமிஷங்களில் பாதியாகக் குறைந்துவிடும். கார்பெடோஸின் பாதியாவதற்குச் சுமார் நாற்பது நிமிஷம் பிடிக்கும். உஷ்ணத்தைத் தாங்கும்படி தயாரித்த கார்பெடோஸினை 30 டிகிரி வெப்பத்திலும் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 29,645 தாய்மார்களிடம் உலக சுகாதார ஸ்தாபனம் இதையும் ஆக்ஸிடோஸினையும் ஒப்பிட்டது. 2018-ல் முடிவு வெளியாயிற்று. அரை லிட்டருக்கு மேல் உதிரம் போனவர்களும் மேற்கொண்டு மருந்து தேவைப்பட்டவர்களுமாக ஒரு பக்கம் நூற்றுக்கு 14.5, மறு பக்கம் 14.4. தராசு முள் அசையவே இல்லை. அந்தப் பரீட்சையில் ஆக்ஸிடோஸினைக் குளிர்ப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மேஜைமேல் வெந்து கொண்டிருந்த குப்பியோடு ஒப்பிட்டிருந்தால் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2019-ல் இம்மருந்து அத்தியாவசிய மருந்துகளின் உலகப் பட்டியலில் இடம் பெற்றது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு வராமல் தடுப்பதற்கு மட்டுமே இது. வலியைத் தூண்டுவதற்கு உதவாது. அதுவும் ஒரு நன்மைதான். அவசரக்காரர் கையில் அகப்பட்டால் கெடுதல் செய்யும் வழி ஒன்று குறைகிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

அஞ்செட்டி மலைக்கும், மலைப்பாதையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கும், மின்சாரம் அடிக்கடி ஓய்வு எடுத்துக்கொள்ளும் துணை நிலையங்களுக்கும் முதலில் போய்ச் சேர வேண்டிய மருந்து இது என்பது நமது அபிப்பிராயம். பெரிய ஆஸ்பத்திரிகளில் குளிர்ப்பெட்டி இருக்கிறது. ஆக்ஸிடோஸினே அங்கே போதும், விலையும் சொற்பம். வெயிலுக்கு அஞ்சாத மருந்தை ஏர்கண்டிஷன் அறையில் வைத்து அழகு பார்ப்பதில் என்ன பிரயோஜனம்?

அது வந்து சேரும் வரையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்துகளை வைக்க நல்ல குளிர்ப்பெட்டி இருக்கிறது. அதன் உஷ்ண அளவைத் தினந்தோறும் குறித்து வைக்கிறார்கள். அந்தப் பெட்டியும் 2 முதல் 8 டிகிரிக்குள்தான் நிற்கிறது. மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கும் தாயார், ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ பரிசோதனைக்குப் போகும்போது, நர்ஸம்மாளிடம் இரண்டு வார்த்தை மரியாதையாகக் கேட்கலாம்: "அம்மா, குழந்தை பிறந்ததும் போடும் ஊசி மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" தடுப்பூசிப் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினாளானால் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பலாம். மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினாளானால், அங்கேயே உட்கார்ந்து டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.